ஈயம் ஒட்டாத மழைக்காலம்

இலங்கை மலைநாட்டு ஹட்டன் டவுனில், பாகங்களைப் பொருத்தி ரேடியோ பூட்டுகிற ஓர் அறையில் நான் சில வருடங்கள் வேலை செய்தேன். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம். வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வந்து இறங்க ஆரம்பித்திருந்தன. ரேடியோவை முழுசாக வாங்குவதைவிடத் துண்டு துண்டாக வாங்கி இங்கேயே பூட்டினால் லாபம் என்று யோசித்த ஒரு முதலாளி, தன் கடையின் மேல்மாடியில் நீளமாக ஒரு மேசையைப் போட்டு ஒன்பது பெண்களை உட்கார வைத்தார். ஆறு பேர் டவுன் பிள்ளைகள். மூன்று பேர் தோட்டத்துப் பிள்ளைகள். அந்த மூவரில் நான் ஒருத்தி.

எங்களை ஏன் எடுத்தார் என்பதை முதலாளி வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார். கொழுந்து பறிக்கிற விரல் வேகமாக ஓடுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நேராக அந்த மேசைக்கு வந்தவள். கூடையைத் தலையில் மாட்டியதே இல்லை. என் அம்மா பறிப்பாள், என் விரல் அவள் விரலா? ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது.

வேலை சிரமமானதல்ல. செம்புக் கோடுகள் ஓடுகிற சின்னப் பலகை ஒன்று கைக்கு வரும். அதிலுள்ள துளைகளில், நிறநிறமாக வளையம் போட்ட குட்டிச் சாமான்களின் கம்பிக் கால்களை நுழைத்து, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட வேண்டும். ஒருத்தி செருகியதும் பலகை அடுத்தவளுக்குப் போகும். மேசையின் கோடியில் அதன் அடிப்பக்கத்தில் பிசின் தண்ணி தடவுவார்கள். பைன் மரத்துப் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சள் தண்ணீர் அது. செம்பைத் துடைத்துச் சுத்தமாக்கி ஈயத்துக்கு இடம் கொடுப்பது அதன் வேலை. பிறகு உருகிய ஈயம் நிறைந்த சட்டியில் பலகையை மெல்லத் தொட்டு எடுத்தால், செம்பு இருக்கிற இடத்தில் மட்டும் ஈயம் பிடித்துக்கொள்ளும். ஒழுங்காகப் பிடித்த ஈயம் கம்பியைச் சுற்றிச் சரிவாக இறங்கி மினுங்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் சில நேரம் கோடிக்குப் போய் நிற்பேன். வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது எதுவும் எனக்குப் பிடித்ததல்ல.

தோட்டத்திலிருந்து வந்த மூவரில் மூத்தவள் மேல் லயத்து அக்கா, தோட்டத்து வரிசை வீடுகளில் மேல் வரிசைக்காரி. புருஷன் இறந்து, கைக்குழந்தையோடு தகப்பனின் ஒற்றையறைக் காம்பிராவுக்குத் திரும்பியிருந்தவள். டவுன் வேலை கிடைத்ததும் தோட்டத்தில் தன் பெயரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். திரும்பி வந்து நின்றால் பெயர் பதிய மாட்டேன் என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா அப்போதே முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். மூன்றாமவள் கீழ் லயத்து வேதக்காரப் பிள்ளை, பஸ்ஸில் ஏறியதும் கண்ணை மூடி ஜெபம் சொல்கிறவள். எங்கள் இருவருக்கும் வேலை போனாலும் வீட்டில் சோறு இருந்தது. அக்காவுக்கு அந்த மேசையை விட்டால் போக்கிடம் இல்லை.

லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு வர, தேயிலை மலைக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை. மழை தொடங்கிவிட்டால் அந்தப் பாதை முழுக்க அட்டை. புல் நுனியில் எழும்பி நின்று ஆளைத் தேடும். மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. என் அம்மா கூடையை இறக்காமலே குனிந்து, காலில் தொங்குகிற அட்டைக்குச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவாள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் வெற்றிலைக்கு ஒரு சுண்ணாம்பு டப்பா இருக்கும். அட்டைக்கும் அதுதான் மருந்து. யாருக்கு அதிகம் கடித்தது என்று கேலி வேறு நடக்கும். மலையில் அட்டை கடித்ததற்காக யாரும் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த வெட்கம் பஸ் ஏறி டவுனில் இறங்கிய பிறகு எங்களுக்கு வந்தது.

அந்த வெட்கம் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல் மழை பிடித்த வாரம். என் காலில் இருந்த அட்டை வயிறு நிறையக் குடித்துவிட்டு, எனக்குத் தெரியாமலே தரையில் விழுந்திருக்கிறது. அந்தப் பக்கமாக வந்த டீச்சர் மகள் அதை மிதித்துவிட்டாள். டீச்சர் மகள்தான் மேசைக்குப் பொறுப்பு. அவள் தகப்பன் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அவருடைய தகப்பன் லயத்தில் பிறந்தவர். ஆனால் அவள் டவுனில் பிறந்தவள். வெள்ளைச் செருப்பில் ரத்தத்தைப் பார்த்ததும் அவள் போட்ட சத்தத்தில் மற்றவர்கள் ஸ்டூல்மேல் ஏறிவிட்டார்கள். முதலாளி படியேறி ஓடி வந்தார்.

"எங்கருந்து வந்திச்சு இது?" என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கணுக்காலிலிருந்து குதிகால் வரை ரத்தம் கோடாக ஓடியிருந்தது. முதலாளி என் காலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், பிறகு மூக்கைச் சுருக்கிக்கொண்டு இறங்கிப் போனார். நான் கந்தலை நனைத்து வந்து தரையைத் துடைத்தேன். எல்லோரும் ஸ்டூலில் நின்றபடி நான் துடைப்பதைப் பார்த்தார்கள். அந்த இடத்திலேயே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, என் பக்கத்து ஸ்டூல் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

மறுநாளிலிருந்து நாங்கள் மூவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சுவரோரம் ஒதுங்கி, ஒருத்தி காலை ஒருத்தி பார்த்து, தெரிந்த அட்டைகளுக்கெல்லாம் சுண்ணாம்பு வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனோம். ஆனால் அட்டை அவ்வளவு லேசில் விடுமா? பாவாடை ஓரத்து மடிப்பிலும் செருப்பு வாரிலும் சுருண்டு கிடந்து, உடம்புச் சூடு பட்டதும் ஊர்ந்து வரும். அதனால் டப்பாவை இடுப்பிலேயே செருகிக்கொண்டு உட்கார்ந்தோம். காலில் அரிப்பு எடுத்தால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் மேசைக்கு அடியில் கையை விட்டுச் சுண்ணாம்பைத் தொட்டு வைப்போம். விழுந்ததைக் காகிதத் துண்டில் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்வோம். விரலைப் பாவாடையில் ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்த கம்பியைச் செருகுவோம். வேதக்காரப் பிள்ளை இதில் கெட்டிக்காரி. டீச்சர் மகளோடு சிரித்துப் பேசிக்கொண்டே செய்துவிடுவாள். எனக்கு ஒவ்வொரு தடவையும் காது சூடேறும்.

அந்த மழையில்தான் ஈயம் ஒட்டாமல் போனது.

முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தது. சட்டியிலிருந்து எடுத்த பலகையில், சில கால்களில் மட்டும் ஈயம் பிடிக்காமல் சேம்பு இலையில் விழுந்த தண்ணீரைப் போல உருண்டு ஓடியது. சிலது பிடித்த மாதிரி இருக்கும், கம்பியை ஆட்டினால் கையோடு வந்துவிடும். போகப்போகக் கூடைக்கணக்கில் சேர்ந்தது. பூட்டி அனுப்பிய ரேடியோக்களும் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பி வந்தன.

முதலாளி தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்தார். பிசின் தண்ணி மழைக்குளிரில் நீர்த்துப்போயிற்று என்று இன்னும் பிசின் போட்டுக் கெட்டியாக்கினார். அது பலகை முழுக்கப் பிசுபிசுவென்று ஒட்டியது, ஈயம் அப்படியே உருண்டது. பனிமூட்டத்தில் பலகை நமத்துவிட்டது என்று பக்கத்து பேக்கரியில் கேட்டு, பாண் போடுகிற அடுப்புக்கு மேலே ஒரு நாள் முழுக்க அடுக்கி வைத்தார். பலகைகள் பாண் வாசத்தோடு திரும்பி வந்தன. வேறு மாற்றம் ஒன்றுமில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அழிறப்பரை வாங்கிக் கொடுத்து, சாமான் செருகி முடித்த பலகைகளின் அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாகத் தேய்க்கச் சொன்னார். தேய்த்த அன்றைக்கு ஈயம் ஒழுங்காகத்தான் பிடித்தது. ஆனால் நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தால் சாமான் செருகுவது யார்? அதையும் கைவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். சிங்கள ஆள், ஒல்லியானவர். இங்குள்ள குளிர் தாங்காமல் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டிருந்தார். தமிழ் கொஞ்சம் தெரியும். எங்களை நங்கி, நங்கி என்று தங்கை முறை வைத்துக் கூப்பிட்டார். மனுஷன் சத்தமே போடவில்லை. வந்ததும் சட்டியில் சூடு பார்த்தார், சரியாக இருந்தது. பிசின் தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தானே கரைத்தார், அப்போதும் உருண்டது. பெட்டியிலிருந்து அப்படியே எடுத்த வெறும் பலகையைத் தோய்த்துப் பார்த்தார். அது முழுக்கப் பளபளவென்று பிடித்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எங்கள் மேசையைப் பார்த்தார். பெட்டிக்கும் சட்டிக்கும் நடுவில் நாங்கள் ஒன்பது பேர்தான் இருந்தோம்.

மறுநாள் அவர் பலகையைக் கைமாற்ற விடவில்லை. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் பலகை கொடுத்து, எல்லாச் சாமானையும் ஒருத்தியே செருகச் சொன்னார். மூலையில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டினார். சாயங்காலம் தோய்த்து எடுத்து மேசைமேல் பரப்பியபோது, பச்சை நூலிலும் மஞ்சள் நூலிலும் கறுப்பு நூலிலும் மட்டும் ஈயம் உருண்டிருந்தது. பச்சை நான். மற்ற இரண்டும் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை.

டவுன் பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்குப் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்க முடியும். அவர்கள் எங்கள் கைகளைப் பார்த்தார்கள். நான் கையை மடியில் வைத்து மறைத்தேன். ஏன் மறைத்தேன்? அந்தக் கையில் என்ன இருந்தது என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனாலும் அசிங்கமாக ஏதோ இருக்கிறது என்று முழுசாக நம்பினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

"தோட்டத்து வேல செஞ்ச கை. கறை ஊறியிருக்கும். நல்லா கழுவச் சொல்லுங்க" என்றார் முதலாளி.

அடுத்த நாள் காலையில் தண்ணீர் பேசினுக்குப் பக்கத்தில் புதுச் சவர்க்காரக் கட்டி இருந்தது. எங்கள் மூவருக்கும் மட்டும். டீச்சர் மகள் பக்கத்தில் நின்று பார்க்க, முழங்கை வரை நுரை போட்டுக் கழுவினோம். ஐஸ் மாதிரித் தண்ணீர். கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினோம். அவள் தலையை ஆட்டியதும் மேசைக்குப் போனோம். வெளியே விடியக்காலையிலிருந்து பிடித்த மழை விடவேயில்லை. மத்தியானத்துக்குள் நான் எத்தனை தடவை மேசைக்கு அடியில் கையை விட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கழுவுகிற தண்டனை வந்த பிறகு, தரையில் ஒன்று விழுந்துவிட்டால் அதோடு கதை முடிந்தது என்ற பயத்தில், சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் சுண்ணாம்பைத் தடவினேன். அக்காவும் அப்படித்தான். சாயங்காலம் தோய்த்தபோது எங்கள் மூவரின் பலகைகளும் முந்தின நாளைவிட மோசமாக இருந்தன.

மெக்கானிக் அந்தப் பலகையில் ஒன்றை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். முதலாளிக்குப் பொறுமை இல்லை. எங்கள் மூவரையும் மேசைக்கு முன்னால் வரச் சொன்னார்.

"இங்க பாருங்க, எனக்கு ஒங்க மேல கோவம் இல்ல. தோட்டத்துப் புள்ளைங்கள எடுத்தது என் தப்பு. சவுக்காரம் போட்டுக் கழுவியும் போகாத அழுக்குன்னா நான் என்னா செய்ய? திங்கக்கெழமயிலருந்து மூணு பேரும் வர வேணாம்" என்றார்.

அக்காவின் கையில் கம்பி வெட்டுகிற குறடு இருந்தது. அதை மெதுவாக மேசைமேல் வைத்தாள். வேதக்காரப் பிள்ளை அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் மெக்கானிக் ஜன்னலோரத்திலிருந்து திரும்பி, தன் அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"நங்கி, கை கழுவினதுக்குப் பெறகு வெள்ளையா ஏதும் தொடுறதா? பவுடர்? மாவு?"

வெள்ளை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் விளங்கியிருந்தது. சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினாள். அவள் நிலைமையில் வேலை போவதைவிட அது பெரிய விஷயமா என்று இப்போது யாரும் கேட்கலாம். அங்கே நின்ற எங்களுக்கு அது பெரிய விஷயம்தான். வேலை போனால் லயத்துக்குப் போய் நாலு பொய் சொல்லிக்கொள்ளலாம். உடம்பில் அட்டையோடு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம், தினம் தினம் உட்கார்ந்திருந்தோம் என்பதை அந்த ஆறு பேருக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது?

எனக்கு முன்கோபம் அதிகம். அது நல்லதுக்கும் வந்திருக்கிறது, கெட்டதுக்கும் வந்திருக்கிறது, அன்று எதற்கு வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கழுவியும் போகாத அழுக்கு என்ற வார்த்தை உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த டப்பாவை எடுத்து மேசைமேல் ஓங்கி வைத்தேன். மூடி கழன்று உருண்டு போனது.

"அழுக்கு இல்லைங்க. சுண்ணாம்பு."

"என்னா சுண்ணாம்பு?"

"அட்டைக்கு வைக்கிறதுங்க. மலப் பாதையில வரச்சே கால்ல ஏறிக்கிது. ஒங்க முன்னுக்குப் புடுங்கிப் போட வெக்கமாயிருக்கு. அதனால மேசைக்கு அடியில கைய விட்டு சுண்ணாம்பு வைக்கிறோம். அந்தக் கையாலதான் சாமானும் குத்துறோம். மூணு பேருந்தான்."

யாரோ ஒருத்தி "சீ" என்றாள். சத்தமாகக்கூட இல்லை, தன்னையறியாமல் வந்த சீ. அது எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மெக்கானிக்குக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தார். பெட்டியிலிருந்து இரண்டு புதுப் பலகை எடுத்தார். ஒன்றை அப்படியே வைத்தார். இன்னொன்றில், சுண்ணாம்பு தொட்டுத் துடைத்த என் விரலை ஓரமாக அழுத்தச் சொன்னார். இரண்டுக்கும் பிசின் தண்ணி தடவிச் சட்டியில் தோய்த்தார். ஒன்று முழுக்க மினுங்கியது. மற்றதில் என் விரல் பட்ட இடம் மட்டும் கருத்துப்போய், ஈயம் அதைச் சுற்றிக்கொண்டு ஓடி உருண்டது. விரல் ரேகைகூடத் தெரிந்தது. பிசினில் லேசாக ஒரு புளிப்பு இருக்கிறது, அதுதான் செம்பைத் துடைக்கிறது, சுண்ணாம்பு பட்டால் அந்தப் புளிப்பு செத்துவிடுகிறது, அப்புறம் செம்பைத் துடைக்க ஆளில்லை என்று முதலாளிக்கு விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் நங்கி முதல்ல சொல்ல இல்ல?"

நல்ல மனுஷன். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். நான் குனிந்து, உருண்டு போன டப்பா மூடியைத் தேடி எடுத்தேன்.

அவர் சொன்ன பரிகாரம் மிகச் சின்னது. மேசைமேல் ஸ்பிரிட்டில் நனைத்த துணி ஒன்று வையுங்கள், சுண்ணாம்பு தொட்டால் விரலைத் துடைத்துவிட்டுப் பலகையை எடுக்கட்டும், அவ்வளவுதான் என்றார். இந்தப் பிள்ளைகளின் கையில் குறையில்லை என்றும் சொன்னார். மறுநாள் ரயிலேறிப் போய்விட்டார். எங்கள் வேலை தப்பியது.

பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்காரவில்லை. பின் சீட்டில் போய் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். இறங்கிப் பாதையில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நல்லதுக்குத்தான் சொன்ன. எனக்குத் தெரியும். ஆனா நீ சொல்லச்சே எனக்குச் சீல அவுந்து விழுந்த மாதிரி இருந்திச்சுடி."

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

திங்கட்கிழமை போனபோது, மேசைமேல் ஸ்பிரிட் துணி இருந்தது. ஆனால் எங்களை நேராக மாடிக்கு ஏற விடவில்லை. முதலாளி யோசித்து ஒரு புது வழக்கம் கொண்டுவந்திருந்தார். சுண்ணாம்பும் உள்ளே வரக் கூடாது, அட்டையும் உள்ளே வரக் கூடாது. எங்கள் மூவரையும் கடைக்குப் பின்னால், வெறும் பெட்டிகள் அடுக்கியிருக்கிற முற்றத்தில், சாக்கடை ஓரமாக நிற்க வைத்தார்கள். டப்பாவை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார்கள். பாவாடையையும் சீலையையும் முழங்கால் வரை தூக்க வேண்டும். டீச்சர் மகள் டார்ச் அடித்து முன்னும் பின்னும் பார்ப்பாள். ஒன்றுமில்லை என்று அவள் சொன்ன பிறகுதான் படியேறலாம்.

முற்றத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினி. அங்கே தேங்காய் துருவுகிறவர்கள் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். சாமான் இறக்குகிற ஆட்களும் அந்தப் பக்கமாகத்தான் நடப்பார்கள். முதல் நாள் அக்கா சீலையைக் கெண்டைக்கால் வரைதான் தூக்கினாள். "இன்னுங் கொஞ்சம், அக்கா" என்றாள் டீச்சர் மகள். அவளுக்கும் அது பிடித்த வேலையல்ல. டார்ச்சை எங்கள் காலில் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பார்க்காமலே பார்த்தாயிற்று என்று சொல்கிற நாளும் உண்டு. ஆனால் தூக்கச் சொல்லாத நாள் இல்லை.

ஈயம் ஒழுங்காகப் பிடித்தது. திரும்பி வருகிற ரேடியோக்கள் நின்றன. முதலாளி சந்தோஷமாக, கொழுந்து பறிக்கிற விரல் கதையை மறுபடி ஆரம்பித்தார். நான் வீட்டில் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா, "அட்டைக்கு என்னாடி வெக்கம்?" என்றுதான் கேட்பாள். முற்றத்தில் நிற்பதைச் சொன்னால், அவள் அடுத்த பஸ்ஸில் வந்து முதலாளியின் கடை வாசலில் நின்று ஊரைக் கூட்டுவாள். அதற்கும் நான் வெட்கப்பட்டேன். யாரை நினைத்து வெட்கப்படுகிறேன் என்பதே எனக்குக் குழம்பிப்போயிருந்தது.

மழை ஓய்ந்தது. பொங்கலுக்குப் பிறகு எங்கள் பக்கம் நல்ல வெயிலும் விறைக்கிற காலைக் குளிருமாக இருக்கும். குறுக்குப் பாதை காய்ந்து புழுதி பறந்தது. மலையில் எங்கே தேடினாலும் அட்டை கிடையாது. மேல் லயத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு அந்தப் பாதையில் பந்து உருட்டினார்கள். நாங்கள் மூவரும் சுண்ணாம்பு டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். வந்து முற்றத்தில் நின்றோம். பாவாடையைத் தூக்கினோம். டீச்சர் மகள் டார்ச் அடித்தாள். இனி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இனி வேண்டாமே என்று நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் அட்டை என்ற பேச்சை மறுபடி எடுக்க வேண்டும், அதைவிட ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவது லேசாக இருந்தது.

அப்படி ஒரு நாள் காலையில், பஸ்ஸில் வாசலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்ததால் நான் மற்ற இருவருக்கும் முன்பே இறங்கி வேகமாக நடந்து வந்துவிட்டேன். முற்றத்தில் என் இடத்தில் போய் நின்றேன். பாவாடையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா என்ன கட்டிக் கொடுத்தாள் என்று ஏதோ யோசித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அக்காவின் குரல் கேட்டது.

"யாருக்குடி காட்டுற?"

திரும்பிப் பார்த்தேன். முற்றத்தில் யாருமில்லை. டீச்சர் மகள் அன்று லீவு, அவள் அண்ணனுக்குக் கல்யாணம். முந்தின நாள் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். பூட்டியிருந்த பின்கதவுக்கும் வெறும் பெட்டிகளுக்கும் முன்னால் நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

"எறக்குடி" என்றாள் அக்கா. நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து, அவளே வந்து என் கைவிரல்களைப் பிரித்துப் பாவாடையை இறக்கிவிட்டாள்.

அன்று மூவரும் முன்வாசல் வழியாக, கடைக்குள்ளே நடந்து மாடியேறினோம். மறுநாளும் அப்படியே ஏறினோம். டீச்சர் மகள் திரும்பி வந்தபோது நாங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தோம். அவள் எங்களைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி கல்லாவில் இருந்தபடியே நாங்கள் ஏறிப் போவதைப் பார்த்தார், அவரும் கேட்கவில்லை. அடுத்த மழை வந்தபோதும் யாரும் எங்களை முற்றத்துக்குப் போகச் சொல்லவில்லை. முன்வாசல் வழியாக ஏறியிருந்தால் முதல் நாளே விட்டிருப்பார்களோ என்னவோ, நாங்கள் ஏறிப் பார்க்கவில்லை.